பூட்டின் பூர்வீகம்

ஒரகடத்திற்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில், மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு அரபும் தமிழும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பள்ளியின் வடபுறத்து அறையில் மர அலமாரி ஒன்று உண்டு. கிதாபுகளும், எழுத்து மங்கிய அரபுத்தமிழ் அச்சுப் பிரதிகள் சிலவும் அதில் இருக்கின்றன. சென்ற மழைக்காலத்தில் அந்த அலமாரியின் பித்தளைப் பூட்டு முரண்டு பிடிக்கத் தொடங்கிற்று. சாவி பாதி திரும்பி நின்றுவிடும். பத்து முறை ஆட்டினால் ஒரு முறை திறக்கும். இருந்ததோ ஒரே சாவி. அது உள்ளேயே முறிந்துவிட்டால் அலமாரியை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை.

என்னிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது ஒரகடத்தில் வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் பணி புரிகிறார். இரவு முறை இல்லாத நாளில் இஷாவுக்குப் பின் வந்து அமர்ந்து பேசிவிட்டுப் போவது அவர் வழக்கம். பூட்டைக் கண்டதும், “பிரித்துத் துடைத்தால் சரியாகிவிடும் ஹஜ்ரத்” என்றார். பழைய செய்தித்தாளை விரித்து, பூட்டைத் திறந்து, வளையத்தின் கால் நுழையும் துளைக்குள் மறைந்திருந்த திருகாணியைக் கழற்றினார். வளையத்தைக் கவ்வி நிற்கும் இரண்டு எஃகு உருண்டைகள் முதலில் உருண்டன. அவற்றைப் பிடித்துவிட்டோம். அடுத்து, சாவி நுழையும் உருளையைப் பின்பக்கத்தில் பற்றியிருந்த சிறு வளையத்தை நெம்பி, உருளையை வெளியே இழுத்தார். அவ்வளவுதான். மயிரிழை போன்ற சுருள்வில்கள் நாற்புறமும் துள்ளின. “அசையாதீர்கள் ஹஜ்ரத்!” என்று அவர் கூவியது இன்னும் என் காதில் இருக்கிறது.

கைவிளக்கை வைத்துக்கொண்டு இருவரும் தரையெல்லாம் தடவித் திரட்டினோம். கீழ் முளைகள் ஐந்து, மேல் முளைகள் ஐந்து, சுருள்வில்கள் நான்கு. கடைக்காரர்கள் இவற்றைப் ‘பின்’ என்பார்கள். முளை என்றே நான் எழுதுகிறேன். அதற்குக் காரணம் போகப் போக விளங்கும்.

மண்ணெண்ணெயில் முளைகளைக் கழுவிக்கொண்டே மாணவர் கேட்டார்: இதை முதலில் செய்தவர் யார்? மீலாது மேடையொன்றில் பேசியவர் அல்-ஜஸரீ என்றாராம். தொழிற்சாலையில் பயிற்சி அளித்தவர், அமெரிக்கரான யேல் என்றாராம். கைபேசியில் பார்த்தால் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தியர் என்று வருகிறதாம். மூன்றும் ஒருங்கே உண்மையாக இருக்க இயலாது. எது சரி? அன்றிரவு நான் சொன்னவற்றையும், பிறகு கிதாபுகளைப் புரட்டிச் சரி பார்த்துக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பூட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பித்தளை உடலில் ஒரு துளை. அதனுள் சுழலும் ஓர் உருளை. உருளையில் வரிசையாக ஐந்து சிறு குழிகள். உடலில் அவற்றுக்கு நேராக ஐந்து குழிகள். ஒவ்வொரு குழியிலும் கீழே ஒரு முளை, அதன் மேல் இன்னொரு முளை, அதற்கும் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் சுருள்வில். சாவி இல்லாதபோது மேல் முளை பாதி உடலிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்கும், உருளை சுழலாது. சாவியின் மேடு பள்ளங்கள் கீழ் முளைகளை உயர்த்தும்போது, ஐந்து இடங்களிலும் இரு முளைகளும் சந்திக்கும் விளிம்பு, உருளையும் உடலும் பிரியும் கோட்டில் வந்து நிற்க வேண்டும். அப்போது மட்டுமே உருளை திரும்பும். சற்றுத் தாழ்ந்தாலும் திரும்பாது. சற்று உயர்ந்தாலும் திரும்பாது.

எங்கள் பூட்டில் மேல் முளைகள் யாவும் ஒரே நீளம். கீழ் முளைகளே ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. வேறுபாடும் அரை மில்லிமீட்டர் அளவுதான். எது எந்தக் குழிக்கு உரியது என்பதற்குப் பூட்டில் எந்த அடையாளமும் இல்லை. ஐந்து பொருள்களை வரிசையில் வைக்க 120 வழிகள் உள்ளன. நஹ்வு, லுகத் ஓதியவர்களுக்கு இந்த எண் புதிதன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இமாம் கலீல் இப்னு அஹ்மத், தமது ‘கிதாபுல் ஐன்’ அகராதிக்காக அரபுச் சொற்களை எண்ணியபோது, ஈரெழுத்துச் சொல்லை 2 வகையாகவும், மூவெழுத்தை 6 வகையாகவும், நாலெழுத்தை 24 வகையாகவும், ஐந்தெழுத்தை 120 வகையாகவும் மாற்றி அடுக்கலாம் என்று கணக்கிட்டார். எங்கள் முளைகளில் இரண்டு ஒரே நீளமாக இருந்தன. ஆகவே எங்களுக்கு வாய்த்தது 60 வழிதான்.

அறுபதையும் முயன்று பார்க்கத் தேவையில்லை என்றார் மாணவர். சாவியை வெற்று உருளைக்குள் செருகி, ஒவ்வொரு முளையையும் குழிகளில் இட்டுப் பார்த்தார். உரிய குழியில் விழுந்த முளையின் தலை உருளையின் மேற்பரப்போடு சமமாக நின்றது. உரியதல்லாத குழியில் துருத்தியது அல்லது அமிழ்ந்தது. பூட்டு மறந்துவிட்ட வரிசையைச் சாவி நினைவில் வைத்திருந்தது. நான்கு முளைகள் அமர்ந்தபின் ஐந்தாவது மட்டும் மயிரிழை துருத்திக்கொண்டு நின்றது. “லேசாக அராவிவிட்டால் என்ன?” என்று கேட்டவன் நானே. “அராவ வேண்டாம் ஹஜ்ரத். அது தன் குழியில் இல்லை, இடம் மாற்றிப் பார்ப்போம்” என்றார் அவர். அப்படியே, வேறொன்றோடு இடம் மாற்றியதும் இரண்டும் சமமாக அமர்ந்தன.

சரித்திரம் எழுதுகிற நம்மவர் பலர் அரத்தோடுதான் அமர்கிறோம். துருத்துகிற ஆண்டை அராவிவிடுகிறோம்.

எகிப்துக் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். முளைப்பூட்டின் மிகப் பழைய சான்றாகக் காட்டப்படுவது எகிப்தில் கிடைத்ததன்று. இராக்கில் மோசுல் நகருக்கு அருகேயுள்ள கோர்ஸாபாதில் கிடைத்தது. அங்கே 1843, 1844 ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரரான போத்தா அகழ்வு நடத்தி, அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் அரண்மனையை வெளிக்கொணர்ந்தார். அதன் வாயிற்கதவு பெரிய மரப்பூட்டினால் அடைக்கப்பட்டிருந்தது என்றும், கீழ்த்திசை நாடுகளில் தம் காலத்திலும் வழங்கிய மரப்பூட்டுகளை அது ஒத்திருந்தது என்றும், அதன் சாவி ஒரு மனிதன் சுமக்கத்தக்க அளவு பெரியது என்றும் 1852-இல் வெளிவந்த தமது நினிவே நூலில் ஜோசப் போனோமி எழுதினார். சர்கோன் அந்நகரை எழுப்பியது கி.மு. எட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். கணக்குப் பார்த்தால் இன்றைக்குச் சுமார் 2,700 ஆண்டுகள். நாலாயிரம் என்பது யாரோ அராவிச் சேர்த்தது.

அப்படியாயின் எகிப்தின் பெயர் எவ்வாறு ஒட்டிக்கொண்டது? 1798-இல் நெப்போலியனோடு மிஸ்ரு நாட்டுக்குச் சென்ற அறிஞர்களும், அவர்களுக்குப் பின் சென்ற பயணிகளும் கெய்ரோவின் வீட்டுக் கதவுகளில் இந்த மரப்பூட்டைக் கண்டு வியந்தனர். ‘ளப்பா’ என்று மிஸ்ரிகள் அழைத்த அதனை, எட்வர்ட் லேன் 1836-இல் வெளிவந்த தமது நூலில் படத்தோடு விளக்கினார். கண்ட இடத்தின் பெயரையே பிறந்த இடத்தின் பெயராகக் கொண்டுவிட்டார்கள். பிர்அவ்ன்களின் வழக்கம் எதுவெனில், 1922-இல் கண்டெடுக்கப்பட்ட துத்தன்காமூனின் கல்லறை நமக்குக் காட்டுகிறது. அந்த மன்னரைச் சூழ்ந்திருந்த பொற்பேழைகளில் ஒன்றின் கதவு, தாழிட்டு, கயிறு கட்டி, களிமண் முத்திரை இடப்பட்டு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. முத்திரை திருடனைத் தடுக்காது. யாரோ வந்து போனார் என்று மட்டும் சொல்லும். பூட்டின் வேலை வேறு.

இந்த ளப்பாவின் உட்புறம் எளிது. கதவின் குறுக்கே ஓடும் மரத்தாழில் சில துளைகள். மேலே பொருத்திய மரக்கட்டையில் தொங்கும் முளைகள். தாழைத் தள்ளியதும் முளைகள் தம் எடையினாலேயே துளைகளில் விழுந்து அதனைப் பிடித்துக்கொள்ளும். பல் துலக்கும் மிஸ்வாக்கை நினைவூட்டும் நீண்ட மரச்சாவியின் முனையில் சிறு ஆணிகள் நிற்கும். அதனைத் தாழின் உட்குடைவில் செலுத்தி மேலே தூக்கினால், ஆணிகள் முளைகளைத் துளையிலிருந்து உயர்த்திவிடும்; தாழை இழுத்துக்கொள்ளலாம். எங்கள் அலமாரிப் பூட்டின் முளையும் இந்த முளையும் ஒரே குடும்பம் என்பதனால்தான் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தேன். யமன் நாட்டிலும் இவ்வகை மரப்பூட்டுகள் நெடுங்காலம் வழங்கின.

இவ்விடத்தில் தப்ஸீர் ஓதிய நண்பர்களுக்கு ஒரு செய்தி. காரூனின் செல்வத்தைப் பற்றிக் கூறும் கஸஸ் அத்தியாயத்தின் 76-ஆம் வசனத்தில் வரும் ‘மஃபாத்திஹ்’ என்ற சொல்லுக்கு, வலிமை மிக்க கூட்டத்தாரும் சுமக்கத் தள்ளாடும் திறவுகோல்கள் என்று பலர் பொருள் கொண்டனர். திறவுகோல்கள் அத்துணைக் கனமாக இருக்குமா என்று ஐயுற்றுக் கருவூலங்கள் என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. விரலளவான தோல் சாவிகளை அறுபது கோவேறு கழுதைகள் சுமந்தன என்ற இஸ்ராயீலிய்யத்துக் கதையும் தப்ஸீர்களில் ஏறியுள்ளது. கோர்ஸாபாத்துப் பூட்டை அறிந்தவனுக்கு இந்தக் கழுதைகள் தேவைப்படா. ஒரு கதவின் சாவியே ஒருவன் சுமை என்றால், பல கதவுகளின் சாவிகள் ஒரு கூட்டத்தின் சுமையாவதில் வியப்பென்ன? சர்கோனின் காலத்தவரான ஏசாயாவின் ஆகமத்திலும் திறவுகோல் தோளின் மீது வைக்கப்படுவதாகவே வருகிறது. இது என் கருத்து. முடிவு கூறும் தகுதி எனக்கில்லை.

சொல்லாராய்ச்சியும் இங்கே கை கொடுக்கிறது. ‘மிஃப்தாஹ்’ என்பது ஃபதஹ என்ற வினையிலிருந்து பிறந்த இஸ்முல் ஆலா. திறக்கும் கருவி என்று பொருள். நம் தமிழின் திறவுகோலும் அப்படியே. பூட்டவும் திறக்கவும் ஒரே கருவி பயன்படினும், இரு மொழியாரும் திறத்தலையே பெயராக்கினர். ஆனால் குர்ஆனில் வானங்கள், பூமியின் திறவுகோல்களைக் குறிக்கும் ‘மகாலீத்’ என்ற சொல்லை அரபு மொழி வல்லார் பலர் அயல்மொழியிலிருந்து வந்ததாகவே கொண்டனர். ‘இக்லீத்’ என்ற அதன் உறவுச் சொல் கிரேக்கரின் திறவுகோல் சொல்லோடு சென்று முட்டுகிறது. தமிழிலும் திறவுகோல் ஏட்டில் நிற்க, நாவில் நிற்பது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற ‘சாவி’தான். பூட்டும் சாவியும் வணிகரின் கூடவே ஊர் விட்டு ஊர் சென்ற பண்டங்கள் என்பதற்கு இச்சொற்களே சாட்சி.

நிற்க. மீலாது மேடையில் சொல்லப்பட்ட அல்-ஜஸரீயைப் பார்ப்போம். தியார்பக்ரில் அர்துகிய மன்னர்களிடம் பணியாற்றிய அந்தப் பெருங்கலைஞர் கி.பி. 1206-இல் முடித்த நூலில் நீர்க்கடிகாரங்களும் நீரிறைக்கும் பொறிகளும் வியக்கத்தக்க விளக்கங்களோடு உள்ளன. ஒரு பூட்டும் உண்டு. ஆனால் அது சாவியே இல்லாத பூட்டு. எழுத்துகள் பொறித்த வட்டுகளைக் குறித்த நிலைகளுக்குத் திருப்பினால் பெட்டி திறக்கும். இன்று பயணப் பெட்டிகளில் எண்களைச் சுழற்றித் திறக்கிறோமே, அதன் மூதாதை எனலாம். முளைப்பூட்டோடு அதற்கு உறவில்லை. அவ்வகையிலும் அவரே முதல்வர் என்று சொல்ல இயலாது. முஹம்மத் இப்னு ஹாமித் அல்-இஸ்பஹானி என்ற கருவிக் கலைஞர் ஹிஜ்ரி 597-இல் (கி.பி. 1200–01) செய்த, எழுத்துவட்டுப் பூட்டுள்ள பெட்டி ஒன்று டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரக் காட்சிசாலையில் இருக்கிறது. ஜஸரீக்கு உரிய புகழ் மலை போல் இருக்க, அவருக்கு உரியதல்லாததையும் அவர் தலையில் ஏற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மேடையில் பேசியவர் நல்லெண்ணத்தில்தான் பேசினார். ஆனால் தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞன் அங்கே ஒருநாள் உண்மையை அறியும்போது, நாம் சொன்ன மற்றவற்றையும் ஐயுறுவான். என் மாணவர் கேட்ட தொனியிலேயே அந்த ஐயத்தின் சாயல் இருந்தது. அதுதான் என்னை எழுதத் தூண்டிற்று.

பூட்டுத் தொழிலில் நாம் பெருமையோடு சொல்லத்தக்கவர் வேறொருவர் இருக்கிறார். ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளை ஓதியவர்கள் ‘கஃப்பால் சொன்னார்’ என்ற வாசகத்தை எத்தனையோ முறை கடந்து சென்றிருப்பார்கள். கஃப்பால் என்றால் பூட்டுச் செய்பவர். அப்பெயர் கொண்ட இமாம்கள் இருவர். மூத்தவர் தாஷ்கந்த் பகுதியைச் சேர்ந்த ஷாஷீ. ஹிஜ்ரி 365-இல் மறைந்தவர். இளையவர் மர்வு நகரத்து அப்துல்லாஹ் இப்னு அஹ்மத், ஹிஜ்ரி 417-இல் (கி.பி. 1026) தொண்ணூறு வயதில் மறைந்தவர். நான் சொல்ல வந்தது இளையவரை. முப்பது வயது வரை அவர் கையில் இருந்தது எழுதுகோலன்று, அரம். பூட்டை அதன் உறுப்புகளோடும் சாவியோடும் சேர்த்து நான்கு வாற்கோதுமை மணிகளின் எடையில் செய்து முடிக்கும் அளவுக்குக் கை தேர்ந்திருந்தார் என்று தபகாத்து நூல்கள் கூறுகின்றன. அதற்குப் பின்னரே ஃபிக்ஹு ஓதத் தொடங்கினார். ஓதி, குராஸான் பகுதியின் ஷாபிஈ அறிஞர்களுக்குத் தலைவரானார். முதுமையிலும் தம் புறங்கையிலிருந்த தழும்புகளைக் காட்டி, இளமையில் செய்த தொழிலின் அடையாளம் என்பாராம்.

அவருடைய மாணவர் அபூ முஹம்மத் அல்-ஜுவைனீ. அவர் மகனும் மாணவருமானவர் இமாமுல் ஹரமைன். இமாமுல் ஹரமைனிடம் ஓதியவர் இமாம் கஸ்ஸாலி. பூட்டுப் பட்டறையிலிருந்து இஹ்யா வரை மூன்றே படிகள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் ஷாபிஈ ஃபிக்ஹு ஓதுகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கொல்லர் ஓர் உஸ்தாதுதான்.

இதே போன்ற கதை, ‘மிஃப்தாஹுல் உலூம்’ எழுதிய சக்காக்கி (மறைவு ஹிஜ்ரி 626) பேரிலும் வழங்குகிறது. நம் மதரஸாக்களில் பலாகத் பாடமாக ஓதப்படும் முக்தஸருல் மஆனியின் மூலவேர் அந்நூல். அவரும் உலோகத் தொழிலாளியாக இருந்து, சின்னஞ்சிறு பூட்டு ஒன்றை அரசனிடம் கொண்டுசென்றதாகவும், அங்கே ஓர் ஆலிமுக்குக் கிடைத்த மதிப்பைக் கண்டு முப்பது வயதில் ஓதப் புறப்பட்டதாகவும் சொல்வர். ஒரே கதை இருவருக்கு. தொழிலையே பெயராகச் சுமந்தவரும், காலத்தால் இருநூறு ஆண்டு முந்தியவருமான கஃப்பாலுக்கே அது பொருந்தும் என்பது என் எண்ணம். மற்றவருக்கு, நூலின் பெயர் ‘திறவுகோல்’ என்றிருந்ததனால் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

இனி மேற்கு நாட்டார். ளப்பாவில் ஒரு குறை உண்டு. அதில் முளைகளை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்பது இரகசியமன்று; துளையிலிருந்து வெளியேறினால் போதும், அதற்கு மேல் எவ்வளவு தூக்கினாலும் கேடில்லை. முளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது மட்டுமே இரகசியம். மாவையோ மெழுகையோ தடவிய கட்டையை உள்ளே விட்டால் அதனை அறிந்துவிடலாம். 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் செய்த பூட்டில் முளைகள் இல்லை. லீவர் எனும் தகடுகள் இருந்தன. அவற்றைக் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. ‘இவ்வளவே’ என்ற அளவு பூட்டுக்குள் நுழைந்தது அப்போதுதான். 1818-இல் சப் என்பவர் அதனை மேலும் செம்மை செய்தார். அசைக்க முடியாதவை என்று பெயர் பெற்ற ஆங்கிலப் பூட்டுகளை 1851-ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சாவியின்றித் திறந்து காட்டி, அந்நாட்டாரின் தூக்கத்தைக் கெடுத்தார். பிரமா என்பாரின் பூட்டுக்கு அவருக்குப் பதினாறு நாள்களில் 51 மணி நேரம் பிடித்தது.

அதற்குப் பின்னர் வந்தவர் லைனஸ் யேல். தந்தைக்கும் மகனுக்கும் அதே பெயர். தந்தை பூட்டுத் தொழிலாளி. 1840-களிலேயே முளைகளைக் கொண்டு பூட்டுச் செய்தார். மகனோ ஓவியராகத் தொடங்கித் தொழிலுக்குத் திரும்பியவர், 1861-இலும் 1865-இலும் காப்புரிமை பெற்றார், 1868-இல் மறைந்தார். அவர் செய்தது என்ன? கீழ்த்திசையின் முளையை எடுத்தார். அதனை இரண்டாக வெட்டினார். எடையினால் விழுவதற்குப் பதில் சுருள்வில்லால் அழுத்தினார். பாரனின் ‘இவ்வளவே’ என்ற பாடத்தை ஒவ்வொரு முளைக்கும் தனித்தனியே பொருத்தினார். தோளில் சுமந்த சாவி சட்டைப்பைக்குள் வந்தது. முளை அவருடையதன்று, பூட்டு அவருடையது. பயிற்சியாளர் சொன்னதில் பாதி சரி.

நம் நாட்டில் அர்தஷீர் கோத்ரெஜ் 1897-இல் பம்பாயில் பூட்டுத் தொழில் தொடங்கியதும், அலிகர் நகரம் பூட்டாலேயே பெயர் பெற்றதும் பலரும் அறிந்தவை. தமிழகத்தின் பூட்டு என்றால் திண்டுக்கல். சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் அங்கே தொடங்கிய தொழில் என்று ஊரார் சொல்வர். மாங்காய் வடிவப் பூட்டும், கோயில்களிலும் பண்டகசாலைகளிலும் தொங்கும் பெரும் பூட்டுகளும் நாகல் நகரிலும் சுற்றூர்களிலும் கையால் அராவிச் செய்யப்பட்டவை. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் மரபு முளை மரபன்று, லீவர் மரபு. அதாவது பாரனின் வழி. அங்கே ஆசாரி தகட்டையும் சாவியையும் ஒன்றுக்கொன்று இணங்க அராவுகிறார். ஆகவே ஒரு பூட்டின் சாவி அதற்கே உரியது. முளைப்பூட்டோ எந்திரங்களின் பிள்ளை. ஆயிரக்கணக்கான முளைகள் சில அளவுகளில் முன்னமேயே வெட்டப்பட்டுக் கிடக்கும். எடுத்து இடுவதே வேலை. விலை மலிந்தது அதனால்தான். திண்டுக்கல் பட்டறைகள் பல ஓய்ந்ததும் அதனால்தான்.

எங்கள் பகுதியில் அந்த மலிந்த பூட்டின் ஆட்சியைக் காணலாம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்திலும் வந்தன. ஏரிக்கரைகளும் வயல்களுமாக இருந்த ஊர்களில் வரிசை வரிசையாக வாடகை அறைகள் எழுந்தன. ஓர் அறைக்கு மூவர், நால்வர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பணிமுறை. கதவுக் கொண்டியில் ஒரு பித்தளைப் பூட்டு, அதற்கு நான்கு நகல் சாவிகள். ஒரிஸாவிலிருந்தோ பீஹாரிலிருந்தோ வந்த பையனுக்கு இந்த ஊரில் தன்னுடையது என்று சொல்ல இருப்பது பெரும்பாலும் அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி மட்டுமே.

இவ்வளவும் பேசி முடிக்கையில் மாணவர் வேலையையும் முடிக்கும் நிலைக்கு வந்திருந்தார். உருளையை வெறுமனே செருகினால் மேல் முளைகளும் வில்களும் மறுபடி சிதறும். ஆதலால் உருளையின் பருமனில் ஒரு குச்சி வேண்டும் என்றார். என் பழைய மிஸ்வாக் ஒன்றில் தாள் சுற்றிக் கொடுத்தேன். அதனை உடலின் துளைக்குள் பின்பக்கமாகச் செலுத்தி, ஒவ்வொரு குழியிலும் வில்லை இட்டு, மேல் முளையை வைத்து அழுத்தி, குச்சியை அதன் மேல் நகர்த்தி மூடினார். பிறகு, கீழ் முளைகள் அமர்ந்த உருளையைச் சாவியோடு முன்புறமிருந்து செலுத்த, அது குச்சியைத் தள்ளிக்கொண்டே உள்ளே சென்றது. மிஸ்வாக் பின்புறம் வெளியே விழுந்தது. பற்றுவளையம், எஃகு உருண்டைகள், வளையம், திருகாணி. எண்ணெய் விடக் கூடாதாம். தூசியைப் பிடித்து வைக்குமாம். பென்சில் கரியைப் பொடித்துச் சாவியில் தடவித் தந்தார். சாவி வழுக்கிக்கொண்டு திரும்பிற்று.

ஐந்தாவது சுருள்வில் அன்றும் கிடைக்கவில்லை, மறுநாள் பெருக்கியபோதும் கிடைக்கவில்லை. கடைசிக் குழியை வெறுமையாகவே விட்டு, நான்கு முளைகளோடு பூட்டு இப்போது அலமாரியில் தொங்குகிறது. எஞ்சிய இரண்டு முளைகளையும் தாளில் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் சாவி வெட்டுகிறவரிடம் ஒரு வில் வாங்கி வருவதாக மாணவர் சொல்லியிருக்கிறார். இந்த மாதம் அவருக்கு இரவுப் பணி.